அக்கட்ட நின்றவர்

அவர் எந்த வீட்டுக்குள்ளும் முழுதாக நுழைந்து நான் பார்த்ததில்லை. வாசல்வரை வருவார். செருப்பைக் கழற்றுவார். கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொள்வார். “உள்ள வாங்கண்ணா” என்றால், “இருக்கட்டுங்க அம்மிணி, நான் அக்கட்ட நின்னுக்கறனுங்க” என்பார். அக்கட்ட என்றால் அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி. எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் வருகிற சொல்தான். அவர் சொன்னால் மட்டும் அது ஏதோ ஓர் ஊரின் பெயர் மாதிரியும், அவர் அங்கேயே குடியிருப்பவர் மாதிரியும் தோன்றும்.

திருப்பூரில் மாடியில் இருந்த ஒரு சின்ன வீடியோ ஸ்டுடியோவில் நான் எடிட்டராக வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. அதுபோக பனியன் கம்பெனிகளுக்கு ஐந்து நிமிடப் படங்கள். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிற பையர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக. தையல் மெஷின் வரிசை, அயர்ன் டேபிள், முதலாளி கைகுலுக்குவது எல்லாவற்றையும் மற்ற பையன்கள் எடுத்துவிடுவார்கள். படம் தொடங்கும்போது வருகிற ஊர்க்காட்சி, அதாவது விடியல், தென்னந்தோப்பு, மலை, காற்றாலை, அது மட்டும் அவருடைய வேலை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் கணியூர்ப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படத்தின் கடைசியில் தன் பெயரைப் போட விடமாட்டார். அதனால் இங்கேயும் நான் போடவில்லை.

ஊர்க்காட்சி என்றால் எல்லோரும் அகலமான லென்ஸைத்தான் மாட்டுவார்கள். வானமும் பூமியும் ஒரே பிரேமில் அடங்கிவிடும். இவர் தன் மிரர்லெஸ் கேமராவில் நானூறு மில்லிமீட்டர்வரை நீளுகிற ஜூம் லென்ஸைத்தான் மாட்டுவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“எல்லாத்தயும் காட்டினா சனம் ஒண்ணயும் பாக்காதுங்க அம்மிணி. ஒரு துண்டு வெட்டித்தான் எடுக்கோணும். அதுக்குக் கிட்டப் போக வேண்டீதில்ல. கிட்டப் போனா அது கலைஞ்சு போயிருமுங்க.”

அவருடைய காட்சிகளை அடுக்கி அடுக்கி எனக்கு அவர் வேலை செய்யும் விதம் அத்துப்படியாகிவிட்டது. மேடான இடமாகப் பார்த்து ட்ரைபாடை ஊன்றுவார். காற்றுக்கு ஆடாமல் இருக்க அதன் நடுவில் கல் போட்ட மஞ்சள் பையைத் தொங்கவிடுவார். லென்ஸில் ஆட்டம் தடுக்கிற பொத்தானை அணைத்துவிடுவார். “ட்ரைபாடு மேல வச்சப்புறம் அத ஓடவிட்டா, இல்லாத ஆட்டத்தத் தேடித் தேடி அதே ஆடுமுங்க.” ஜூம் வளையத்தைத் திருப்பிப் படத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுவார். ரெக்கார்டு ஓட ஆரம்பித்த பிறகு அதைத் தொடவே மாட்டார். காலை எட்டரைக்கு மேல் எடுக்கவும் மாட்டார். கானல் எழும்பிவிட்டால் தூரத்திலிருப்பது எல்லாம் உலைத்தண்ணீர்போல் கொதிக்கும்.

பொத்தானை அழுத்தியதும் முணுமுணுவென்று எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதில் நிறுத்துவார். இருபத்தொன்பது கிடையாது, முப்பத்தொன்றும் கிடையாது. படத்தில் பாட்டுப் போட்டு ஒலியை மூடிவிடுவோம் என்பதால் அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எடிட் டேபிளில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் மலைமேலும் தோப்புமேலும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனிக்காரர் தன் படத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தார். அவருடைய மூன்றுமாடிக் கட்டிடத்துக்கு நேர் பின்னால் நாலு காற்றாலைகள் ராட்சசன் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தன. “பையருக்கு இதுதானுங்க வேணும்! காத்தாடி கரண்டுலயே கம்பெனி ஓடுதுன்னு போட்டுடுங்க.” எங்கள் முதலாளி தலையாட்டிவிட்டார். இவர் வாசற்படியிலிருந்து, “அது நம்ம காத்தாடி இல்லீங்களே” என்றார். “பத்துக் கிலோமீட்டரு அக்கட்ட இருக்குதுங்க. ஜூம் லென்சு தூரத்தத் தின்னுபோடுமுங்க. பின்னால இருக்கறது பக்கத்துல இருக்கறாப்ல தெரியும். லென்சு பொய் சொன்னாச் சொல்லீட்டுப் போகுது, நாம எழுதிப் போடக் கூடாதுங்க.” அந்த வரியைப் போடவில்லை. அந்தக் கம்பெனியும் மறுபடி எங்களிடம் வரவில்லை.

என் அப்பா இறந்த அன்று அவர் வந்தார். காலை எட்டு மணிக்கு வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் மெடிக்கல் கடைத் தகரத்துக்குக் கீழே நின்றார். பத்து மணிக்கு நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதும் நின்றார். அப்பாவை எடுக்கும்போது இரண்டரை மணி. அப்போதும் நின்றார். நடுவில் யாரோ கொடுத்த டீயைக்கூட அவர் வாங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அன்று உள்ளே வந்து கையைப் பிடித்து அழுதவர்களின் முகமெல்லாம் மறந்துவிட்டது. அந்தத் தகர நிழல் மட்டும் நினைவிருக்கிறது. அவருக்கு அன்பு இல்லை என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

ஒரு பங்குனி மாதம். ஒரு கம்பெனிப் படத்துக்காக முந்தின நாள் காலையில் அவர் எடுத்துக்கொண்டு வந்த காட்சிகளை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று மிக அழகாக இருந்தது. காய்ந்து மஞ்சளான புல்வெளி. ஒரு கொடுக்காப்புளி மரம். அதன் கிளைக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். எக்ஸ்போர்ட்டில் கழித்த பனியனைத்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர் போட்டிருப்பார்கள். அவரும் அப்படி ஒரு சிவப்பு டீசர்ட், முதுகில் பெரிதாக ஏழு என்று எண். அசையாமல் நின்றார். ஹெட்போனில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு என்னும்போது அந்த ஆள் வலது கையை மேலே தூக்கினார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. கை கிளையைத் தொடுகிற மாதிரி இருந்தது. முப்பது. காட்சி முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. ஊருக்கு வெளியே பாறைக்குழியில் நேற்றுக் காலை ஒருவர் விழுந்து இறந்துவிட்டார். மண்ணரையில் குடியிருப்பவர், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், தெற்கத்திக்காரர். கரையில் கிடத்தியிருந்த உடம்பைத் துணியால் மூடியிருந்தார்கள். துணி விலகிய இடத்தில் சிவப்பு டீசர்ட்டும் அந்த ஏழும் தெரிந்தன.

நான் அவருக்கு போன் பண்ணினேன். வந்தார். அன்றைக்கு முதல்முறையாக எடிட் ரூமுக்குள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மூன்று முறை போடச் சொன்னார்.

“குழியா?” என்றார். “அங்க குழி இருக்குதுன்னே எனக்குத் தெரீலீங்களே. புல்லுக்காடுன்னுதான எடுத்தேன். ஆளு நின்னா மரத்துக்கு ஒரு அளவு தெரியும்னு, அவரு போயிரக் கூடாதேன்னு நெனச்சுட்டே எண்ணினனுங்க. முப்பது முடிஞ்சதும் கேமராவ மலைப் பக்கம் திருப்பிட்டேன். அப்புறம் பாத்தப்ப ஆளக் காணோம். ஊட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன்.”

சாயங்காலமே அந்தக் காட்சியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தார். அவர்கள் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் தெரியவில்லையே என்று நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் அங்கே போனோம். முதலில் அவர் ட்ரைபாடு ஊன்றிய கரட்டுமேல் என்னை நிற்க வைத்தார். வெறுங்கண்ணுக்குக் காய்ந்த காடுதான் தெரிந்தது. மரங்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகள். அங்கே ஒரு ஆள் நின்றாலும் கம்பம் என்றுதான் நினைத்திருப்பேன். இறங்கி நடந்தோம். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கல் உடைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் அது. கிட்டே போகும்வரை அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது. புல் முடிகிற இடத்தில் பாறை செங்குத்தாக இறங்கி, கீழே பச்சைத் தண்ணீர். கொடுக்காப்புளி மரம் எதிர்க்கரையில் நின்றது. நாங்கள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு பஸ்ஸை நீளவாக்கில் நிறுத்தலாம். படத்தில் இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒட்டிப்போய், நடுவிலிருந்த குழி அப்படியே மறைந்துவிட்டிருந்தது. இந்தக் கரையில் நின்றிருந்த அந்த மனிதருடைய தலைக்குமேல் கிளையே இல்லை. அவர் வெறும் ஆகாயத்தில் கையைத் தூக்கியிருக்கிறார்.

எப்போதும் தள்ளி நிற்கிறவர், அன்று விளிம்புக்கே போய் அந்த ஆள் நின்ற இடத்தில் நின்றார். “அண்ணா, பின்னால வாங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. வலது கையை மெதுவாகத் தூக்கினார். இறக்கினார். பிறகு திரும்பி, நாங்கள் வந்த கரட்டைப் பார்த்தார். அது வானத்தில் தனியாக நிமிர்ந்து நின்றது.

“இங்கிருந்து பாத்தா நான் நின்னது தெரிஞ்சிருக்குமில்லீங்களா அம்மிணி? குடை மாதிரி ட்ரைபாடு, பக்கத்துல ஒரு ஆளு. எதுக்குக் கையத் தூக்கினாரு? என்னயத்தான் கூப்புட்டாரோ?”

“முதுகத்தான காட்டிட்டு நின்னாருங்க. அவரு உங்களப் பாக்கவே இல்ல” என்றேன்.

“நான் பொத்தான அமுத்தறதுக்கு முன்னால திரும்பிப் பாத்திருக்கலாமுங்க” என்றார்.

நான்காம் நாள் அவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். இறந்தவரின் அண்ணன், ஊரிலிருந்து வந்த இரண்டு உறவுக்காரர்கள், பின்னால் இறந்தவரின் மனைவி. முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. ஸ்டேஷனில் இப்படி ஒரு படம் இருப்பதாகச் சொன்னார்களாம்.

அன்று காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாய்ச்சண்டை. “எங்கயாச்சும் போயித் தொலைங்க” என்று அவள் கத்தியதை லைன் வீட்டில் பத்துக் குடும்பம் கேட்டிருக்கிறது. அரைமணி நேரத்தில் அவர் போய்விட்டார். அதனால் அவளுடைய வாய்தான் கொன்றது என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். குழந்தையைத் தாங்கள் ஊருக்குக் கொண்டுபோகிறோம், இவள் எங்கேயோ கெட்டுப் போகட்டும். இதையெல்லாம் அவர் அவளை வைத்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். அவள் குழந்தையின் காலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் படத்தைப் போட்டேன். ஒலியை அணைத்துவிட்டுத்தான் போட்டேன். முடிந்ததும் அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். இவர் வழக்கம்போல் அங்கேதான் நின்றிருந்தார்.

“என்னய்யா மனுசன் நீரு? பத்தடி தள்ளி நின்னு படம் புடிச்சிருக்கீரு. ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

நான் குறுக்கே புகுந்து, இது ஜூம் லென்ஸ், ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் அவ்வளவு பக்கத்தில் தம்பி நிற்கும்போது கிலோமீட்டர்க் கணக்கை யார் கேட்பார்கள்? இவர் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். “இன்னொருக்கப் போடுங்கக்கா.” போட்டேன். “கடேசியில நிப்பாட்டுங்க.” நிறுத்தினேன். திரையில் கை கிளையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“கொடுக்காப்புளி பறிக்காக” என்றாள். “பாப்பாவுக்குப் பறிக்காக. கைய நீட்டுதாக பாருங்க. கால் வழுக்கிட்டு.”

அண்ணன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் பிணவறைக்குத்தான் வந்தவர். பாறைக்குழிப் பக்கம் போகவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு வாசலை நோக்கிக் கேட்டார்.

“படம் எடுத்தவரு நீரு. நீரு கண்ணால பாத்தீரு. சொல்லும். பறிக்கத்தான் போனானா?”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. காற்றாடி நம்முடையதில்லை என்று முதலாளி முன்னாலேயே சொன்ன மனிதர்.

அவர் உள்ளே வந்தார். என் நாற்காலியைத் தாண்டி, அண்ணனைத் தாண்டி, அந்தப் பெண்ணுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். குழந்தையின் பாதத்தில் கையை வைத்தார்.

“ஆமாங்க” என்றார். “காய் பறிக்கத்தானுங்க. எட்டிப் பறிச்சாரு. நான் பாத்தனுங்க.”

அண்ணன் கீழே உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் குழந்தையைக் கொண்டுபோகிற பேச்சே எழவில்லை. ஒரு வாரத்தில் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் மண்ணரையிலேயே செக்கிங் வேலைக்குச் சேர்ந்து குழந்தையோடு இருந்தாள்.

அதற்குப் பிறகு இவர் அந்த ஜூம் லென்ஸைத் தொடவில்லை. பெட்டியோடு கொண்டுவந்து ஸ்டுடியோ அலமாரியில் வைத்துவிட்டு, “யாராச்சும் எடுக்கட்டுங்க” என்று போய்விட்டார். கல்யாண வேலைகளுக்கு மட்டும் அகல லென்ஸோடு வந்தார். அங்கேயும் புகார். “உங்க ஆளு மூஞ்சிக்கு மூஞ்சி வந்து நிக்கறாருங்க, தாலி கட்டறதையே மறைக்கறாரு” என்றார்கள். முப்பது எண்ணுவதும் நின்றுபோயிற்று. ஒரு காட்சி இரண்டு செகண்டில் அறுந்துவிடும். இன்னொன்று, எல்லோரும் போன பிறகும் காலி நாற்காலிகளைக் காட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓடும்.

மாதம் ஒருமுறையாவது என்னிடம் வருவார். உள்ளே வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். “அதக் கொஞ்சம் போடுங்க அம்மிணி.” நான் போடுவேன். சொன்ன பொய்யைப் பற்றி ஒருநாளும் அவர் பேசியதில்லை. ஒரே கேள்விதான். “கைய எதுக்குத் தூக்கினாருங்க?” ஒருநாள் தாங்கமாட்டாமல், “இனி இத நான் அழிச்சிடறேங்கண்ணா” என்றேன். “அழிச்சுப்போடுங்க” என்றார். நானும் அழித்தேன். அடுத்த மாதமும் வந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வேறு ஏதோ கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தபடியே அதே கேள்வியைக் கேட்டார்.

இரண்டு வருடத்தில் மெலிந்து, கணியூரில் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அங்கே ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எப்போதாவது டவுன் பஸ்ஸில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அவள் கம்பெனிக்கே போய்ச் சொன்னேன். பர்மிஷன் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையையும் அழைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

தங்கை வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். அவள் கிட்டே போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு எங்கள் இருவருக்கும் வேப்பமரத்தடியில் நாற்காலி கொடுத்தார்கள். அவள் தானாகவே பேசினாள்.

“அந்த மரம் அக்கரையில இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் அந்தக் குழியிலதான துணி துவைக்கப் போவேன்.”

நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“படம் எடுத்த அண்ணனுக்குந் தெரியும், அன்னைக்கு எனக்காவத்தான் சொல்லுதாகன்னு நான் அப்பமே நெனச்சேன்.”

“அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எப்படிச் சொல்ல? நாலு ஆம்பளைக நிக்கையில ஒரு மனுசன் எனக்காவத் தரையில உக்காந்து சொன்ன சொல்லு. அதப் போயி பொய்னு நான் எந்த வாயால சொல்ல?”

பறை அடிக்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். குழந்தை அவர்களைப் பார்க்க ஓடியது. நான் கேட்டேன். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

“உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் கைய எதுக்குத் தூக்கினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். “அதுவா? கட்டிங் மெஷினு புடிச்சுப் புடிச்சு அவுகளுக்கு வலது தோளு இறுகிக்கிடும்க்கா. நாளைக்கு இருவது தடவ அப்படித் தூக்கித் தூக்கி இறக்குவாக. சோறு திங்கையில கூடத் தூக்குவாக.” சொல்லிவிட்டு, “ஏன் கேக்கிய?” என்றாள்.

“சும்மாதான்” என்றேன்.

எங்கள் ஸ்டுடியோவிலிருந்து மண்ணரைக்கு டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். இரண்டு வருடம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் போய் அவளிடம் கேட்கவில்லை.